தகட்டைத் தொட்டுட்டுப் போ, தாயி

எங்கள் ஒத்தப்பனைப்பட்டியில் எந்தச் சங்கதியைச் சொன்னாலும் மழை பெய்த வருஷத்தில் நடந்ததா, பெய்யாத வருஷத்தில் நடந்ததா என்று முதலில் கேட்டுக்கொள்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன், இது பெய்யாத வருஷத்தில் நடந்தது. சிவகாசிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், பட்டாசு செய்கிற ஆலை ஒன்று உண்டு. நாங்கள் பயராபீஸ் என்போம். அதன் கேட்டில் இருபத்திரண்டு வருஷமாக நான் வாட்ச்மேன். பெயர் குருவையா. படிப்பு என்று பார்த்தால் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

எனக்கு வேலை மூன்று. வருகிற முந்நூற்றுச் சொச்சம் பேரின் செல்போனையும் வாங்கி மரப்பலகைப் பொந்தில் வைக்க வேண்டும், நைலான் துணி கட்டிக்கொண்டு யாராவது வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், ஒவ்வொருவரிடமும் "தகட்டைத் தொட்டுட்டுப் போ" என்று சொல்ல வேண்டும். தகடு என்றால் செப்புத் தகடு, கேட்டுத் தூணில் மார்பு உயரத்தில் அடித்திருக்கும், முந்நூறு உள்ளங்கை தினமும் பட்டுப் பட்டு நடுவில் தங்கம் மாதிரி மின்னும். ஏன் தொட வேண்டும் என்றால், மனுஷ உடம்பில் ஒரு நெருப்பு ஊறும், சேலை உரசினால் ஊறும், தலை சீவினால் ஊறும், காற்று காய்ந்த மாதத்தில் சும்மா நின்றாலே ஊறும், கண்ணுக்குத் தெரியாது, கனமும் கிடையாது, ஆனால் பட்டாசு மருந்துக்குப் பக்கத்தில் போனால் தாவிவிடும். அதைத் தகட்டில் இறக்கிவிட்டுப் போனால், தகட்டிலிருந்து ஒரு கம்பி ஓடி, பின்பக்கம் நாற்பது எட்டுத் தூரத்தில் இருக்கிற குழிக்குள் போய், குழியில் கரியும் உப்பும் ஈர மண்ணும் அதைக் குடித்துவிடும். மண் ஈரமாக இருக்க வேண்டும், அது முக்கியம்.

பங்குனி மாசம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், வரிசையில் கடைசியாக வந்தவள் சந்தனமாரி. அவள் எப்போதும் கடைசிதான். ஏழு வயசு மகள் கவிநிலாவுக்குத் தலைபின்னி அனுப்பிவிட்டுத்தான் வருவாள். அவள் தகட்டில் வலது கையை வைத்தாள், வைத்ததும் ஒரு முழ நீளத்துக்கு நீலமாய் ஒன்று தகட்டிலிருந்து எழும்பி அவள் உள்ளங்கையைக் கொத்திவிட்டு உள்ளே போனது.

"என்ன பெரியப்பா, தகடு கடிக்குது?" என்று கையை உதறினாள்.

"வெயிலு, தாயி. போ" என்றேன்.

இரண்டு எட்டு எடுத்து வைத்தாள். பொந்துகளில் இருந்த முந்நூறு போனும் ஒரே நேரத்தில் குழந்தை மாதிரி ஒருதரம் சிணுங்கி அடங்கின. தரையில் கிடந்த கலர்க் காகிதத் துணுக்குகள், சரவெடி சுற்றி மிஞ்சியவை, ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து கோழிக்குஞ்சுகள் தாயைத் தேடுகிற மாதிரி அவள் பின்னால் ஓடின. நான் கத்திய கத்தலில் போர்மேன் அழகர் ஓடி வந்து, மருந்து அறைக்கு எட்டும் முன்னால் அவளை மறித்து, கைநீட்டிக்கூடத் தொடாமல், ஒரு மூங்கில் கழியைக் காட்டிக் காட்டி, மாட்டை ஓட்டுகிற மாதிரி வெளியே அனுப்பினார். அன்றைக்கு ஒன்றும் வெடிக்கவில்லை. ஆபீஸில் ஒன்றும் வெடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

ஏனென்றால் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுக் கவிநிலா ஓடிவந்தாள், இவள் வழக்கம்போல வாரித் தூக்கினாள், டப்பென்று ஒரு பொறி, பிள்ளையின் காது மெஷினில் எரிந்துகொண்டிருந்த பச்சைப் புள்ளி அணைந்துபோனது.

அந்த மெஷினைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கவிநிலா பிறக்கும்போதே காது கேளாமல் பிறந்தவள். மூன்று வயசில் மதுரையில் தலையைத் திறந்து உள்ளே ஒன்றை வைத்துத் தைத்தார்கள். வெளியே மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து ஒரு வட்டம் காந்தத்தால் மண்டையில் ஒட்டிக்கொள்ளும், வெளியே இருப்பது கேட்டு உள்ளே இருப்பதற்குச் சொல்லும். மெஷின் வைத்தவுடன் பேச்சு வந்துவிடாது. தினமும் காலையில் முகத்தைக் காட்டாமல் ஆறு சத்தம் சொல்ல வேண்டும், பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும், ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ். முகத்தைக் காட்டினால் உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடும் என்பதால், சந்தனமாரி அதைத் தலைபின்னும்போது வைத்துக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்து பின்னுவாள், பின்னிக்கொண்டே ஆ என்பாள், முன்னால் இருந்து ஆ என்று வரும், ஸ் என்பாள், ஸ் என்று வரும். நாலு வருஷம் ஒருநாள் விடாமல், மூணு கால் பின்னலும் ஆறு சத்தமுமாக அந்தப் பிள்ளைக்குப் பேச்சைப் பின்னிக் கொடுத்தவள் அவள்.

மதுரைக்கு ஓடினார்கள். காது சென்டரில் மெஷின்கள் நிறைய இருக்கிறது என்று சந்தனமாரியை வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, அவள் புருஷன் காளிராஜ் பிள்ளையை உள்ளே கூட்டிப்போனான். பெட்ரோல் டேங்கர் லாரி ஓட்டுகிறவன், பேச்சுக் குறைவு. அங்கே இருந்த மேடம் மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே எழுதி வைத்ததெல்லாம் அழிந்துபோயிருக்கிறது, திரும்ப ஏற்றிவிட்டேன், ஆனால் இந்த அளவு ஷாக் இன்னொரு தடவை அடித்து மண்டைக்குள் இருப்பது போனால் மறுபடி தலையைத் திறக்கணும், திறந்தாலும் பழையபடி கேட்கும் என்று யாரும் சொல்ல முடியாது என்று சொல்லி ஒரு தாள் கொடுத்தார். பிளாஸ்டிக் சறுக்கில் விளையாடக் கூடாது, டிவி கண்ணாடியைத் தொடக் கூடாது, கம்பளித் தொப்பி போடக் கூடாது, நைலான் சட்டையைக் கழற்றும் முன் மெஷினைக் கழற்ற வேண்டும் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. பெற்ற தாயைத் தொடக் கூடாது என்று மட்டும் அச்சில் இல்லை. அதை மேடம் பேனாவால் கீழே எழுதிக் கொடுத்தார்.

இனி ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். எங்கள் ஊருக்கு ஆச்சரியப்பட நேரம் கிடையாது. பஸ் வராவிட்டால் ஆச்சரியப்படுவோம், தண்ணீர் லாரி வந்தால் ஆச்சரியப்படுவோம், மற்றதெல்லாம் பழகிக்கொள்வோம். சந்தனமாரி நடந்து வந்தால் ஐந்தாறு எட்டுக்குள் இருக்கிற போன் செத்துப்போகும் என்று தெரிந்ததும், வீட்டுக்கு வீடு வாசலில் பொந்துப் பலகை அடித்தார்கள், பித்தளைக்கும் செம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் பழைய கும்பாவைத் தட்டித் தட்டித் தகடாக்கி நிலைப்படியில் ஆணி வைத்து அடித்தார்கள், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாங்க என்று சொல்லும் முன்னால் தகட்டைத் தொடுங்க என்றார்கள். அந்தத் தகட்டுக்கு ஒரு கம்பி உண்டா, குழி உண்டா? ஒன்றும் கிடையாது. சும்மா சுவரில் அடித்த தகடு. "ஏத்தா, இதுல தொட்டா அது எங்க போகும்?" என்று நான் ஒருத்தியிடம் கேட்டதற்கு, "சுவத்துக்குள்ள போகும், வேற எங்க போகும்?" என்றாள்.

செல்போன் கடை ஜெய்லானிதான் விவரம் தெரிந்தவன், அவனைத்தான் இந்த ஊர் பைத்தியமாக அடித்தது. புதுப் போர்டு வருகிற வெள்ளிக் கலர்ப் பை அவன் கடையில் குவிந்து கிடக்கும், அந்தப் பைக்குள் வைத்தால் போனுக்குள் நெருப்பு இறங்காது என்று சொல்லி வீட்டுக்கு இரண்டு கொடுத்தான். பொம்பளைப் பிள்ளைகள் அதை வாங்கிப்போய் ஊசியால் குத்திக் குத்திப் பாசிமணி கோத்து ஜிகினா வைத்துத் தைத்துக்கொண்டு வந்து, "அண்ணே, அப்பவும் போன் போயிருச்சுண்ணே" என்று நின்றார்கள்.

"முழுப் பையைக் கொடுத்தா சல்லடையாக்கிக் கொண்டாந்திருக்கீங்களே, இது போனுக்குப் போடுறதா, மாவு சலிக்கிறதா?" என்று ஜெய்லானி தலையில் அடித்துக்கொண்டான்.

பஸ் கண்டக்டர் டிக்கெட் மெஷினைக் காப்பாற்றுவதற்காக இவள் நிற்கிற இடத்தில் பஸ்ஸை நிறுத்துவதில்லை, தள்ளி நிறுத்துவார், இவள் அங்கே ஓடினால் முன்னால் நகர்த்துவார். ரேஷன் கடையில் ரேகை வைக்கிற மெஷின் இரண்டு போனபிறகு, மூன்றாவது மெஷினுக்குத் தங்கத்தைக் காவல் காக்கிற மாதிரி ஆள் போட்டார்கள். ஆனால் பாருங்கள், அவளிடம் வேலை வாங்குகிறவர்களும் இருந்தார்கள். இலவம்பஞ்சு அடைக்கிற வீட்டில் கூப்பிட்டு ஒருதரம் நடந்துவிட்டுப் போகச் சொல்வார்கள், பறந்து கிடக்கிற பஞ்செல்லாம் அவள்மேல் ஒட்டிக்கொள்ளும், வாசலில் நிற்கவைத்துச் சீப்பால் வழித்துக்கொள்வார்கள். கரண்டு போன கல்யாண வீட்டில் பியூஸ் போன டியூப்லைட்டை அவள் கையில் கொடுத்து நிறுத்தினார்கள், லைட்டு நிலா மாதிரி எரிந்தது, எல்லோரும் சாப்பிட்டு முடிகிறவரை நின்றாள், ஆனால் பந்தியில் உட்காரச் சொன்னவர் யாரும் இல்லை, ஏனென்றால் வீடியோ எடுக்கிறவர் கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழாத குறை.

ஜெய்லானி போனைத் திறக்கும்போது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வான், அதன் ஒயர் எர்த்தில் மாட்டியிருக்கும், உடம்பு நெருப்பு போனுக்குள் போகாமல் தரைக்குப் போகும். "அக்கா, இதைக் கட்டிப் பாப்போம்" என்று ஒருநாள் அவள் கையில் கட்டினான். பட்டை கருகி, கடை மீட்டர் வெடித்து, தெருவுக்கே மூன்று நாள் கரண்டு இல்லை. இடது கையில் கட்டிப் பார்த்தான், காலில் கட்டிப் பார்த்தான், தெருப் பம்பில் மாட்டிப் பார்த்தான், பம்பு தண்ணீருக்குப் பதிலாகக் காற்றாய்க் கக்கியது. கடைசியில் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிப் போட்டுவிட்டு, "எந்தக் கையால வந்துச்சோ, எந்த வழியா வந்துச்சோ, அப்படியேதான் திரும்பிப் போகும்போல. எனக்குத் தெரிஞ்ச சாமான்ல இதுக்கு ஸ்பேர் இல்லக்கா" என்றான்.

காளிராஜ் ஒரு நாள் சங்கிலியோடு வந்தான். பெட்ரோல் லாரிக்குப் பின்னால் தரையில் உரசிக்கொண்டு வருமே, அந்தச் சங்கிலி. வண்டி ஓடும்போது ஊறுகிற நெருப்பைத் தரையில் இறக்குவதற்குக் கட்டுவது. அதில் ஒரு பாகம் வெட்டிக்கொண்டு வந்து, பொண்டாட்டியின் கொலுசில் கோத்துவிட்டான். அவள் அதை இழுத்துக்கொண்டு நடந்தாள், சலக் சலக் என்று தெருவெல்லாம் சத்தம், ஆனால் காய்ந்து வெடித்த கரிசல் ஒரு பொட்டு நெருப்பைக்கூடக் குடிக்கவில்லை. சங்கிலியால் கிடைத்த பிரயோஜனம் ஒன்றுதான், அவள் வருகிறாள் என்று ஊருக்குத் தெரிந்தது. சலக் சத்தம் கேட்டதும் போன் பைக்குள் போகும், கதவு சாத்தும். கவிநிலாவுக்கும் காளிராஜ் பழக்கினான். சங்கிலிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் உள்ளறையில் நிற்க வேண்டும், நின்றால் கடலைமிட்டாய். நாலு வருஷம் உட்கார்ந்து அம்மா கேட்கக் கற்றுக்கொடுத்த காது, அம்மா வரும் சத்தம் கேட்டு ஓடி ஒளியக் கற்றுக்கொண்டது.

தலை யார் பின்னுவது? காளிராஜ் ரப்பர் பேண்டு போட்டுக் குதிரைவால் கட்டி அனுப்பினான். ஆறு சத்தத்தை யார் சொல்வது? தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று சந்தனமாரி வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள், நடுவில் மாடும் பைக்கும் தண்ணீர்க் குடமும் போனது. கிட்டத்தில் சொன்னால்தான் அந்த மெஷினுக்குச் சின்னச் சத்தம் பிடிபடும். சித்திரை முடிவதற்குள் பிள்ளையிடம் 'ஸ்' போய்விட்டது. ஸ்கூல் என்றவள் கூல் என்றாள், பஸ் என்றவள் ப என்று நிறுத்தினாள். அடுத்தது 'ஷ்' போகும், பிறகு மற்றது போகும் என்று மதுரை மேடம் சொன்னாராம். கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது, பெற்றவள் இருபதடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குக் காரணம் என்ன என்று ஊர் பேசாத பேச்சில்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டில் சாப்பிட்டாள் என்றார்கள், இடி விழுந்த பனையடியில் உட்கார்ந்தாள் என்றார்கள். அழகர் மட்டும் ஒரே பேச்சாக, "நைலான் பாவாடை கட்டிட்டு வந்திருக்கா. வேற என்ன?" என்றார். முதலாளிக்கும் அப்படித்தான் எழுதிப் போட்டார். "என் பிள்ள மேல சத்தியமா காட்டன்தான் கட்டுனேன்" என்று கேட்டுக்கு வெளியே நின்று அவள் கத்தினாள், நான் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தேன். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது காட்டன் என்று எனக்குத் தெரியும், பார்க்கிற வேலை என்னுடையது. வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று சொல்கிறேன். குழிக்குத் தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றிவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மாசி மாசத்திலிருந்து எனக்கு முழங்கால் வலி. குழாயும் குழியும் தூரம் தூரம். ஒருநாள் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் விட்டேன். கையெழுத்தை மட்டும் விடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து அது, அதை நாற்பத்திமூன்று நாள் பொய்யாகப் போட்டேன். கீழே மண் செத்துப்போய், முந்நூறு பேர் இறக்கி வைத்த நெருப்பு போக இடமில்லாமல், புதுசும் பழசுமாக இருபத்திரண்டு வருஷத்து நெருப்பும் கம்பி வழியாகத் திரும்பி ஏறி, தகட்டுக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறது. கடைசியாகக் கை வைத்தவள் தலைபின்னிவிட்டு வந்தவள்.

நீல நெருப்பு எழும்பியபோதே எனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து இரண்டு குடமும் ஊற்றினேன், செத்த மண் அதை உறிஞ்சிவிட்டுக் காய்ந்தே கிடந்தது. சொன்னால் ஆபீஸை மூடிவிடுவார்கள், முந்நூறு அடுப்பும் அணையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மீதி, பயம்.

வைகாசியில் ஒருநாள் ஐந்து மணிக்கு வேலை விட்டு எல்லோரும் போனைப் பொறுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். சந்தனமாரி ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒத்தப்பனை அடியில் உட்கார்ந்திருந்தாள். வேலை இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு அங்கே வந்து உட்காருவாள், சினேகிதிகள் தள்ளி நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். கவிநிலா எங்கிருந்தோ வந்தாள், தனியாக. நேரே என் பலகைக்கு வந்தாள். காதிலிருந்த மெஷினைக் கழற்றினாள், வெள்ளிப் பையில் போட்டாள், பையை நாலாய் மடித்து அடிவரிசைப் பொந்தில் வைத்தாள். பிறகு கல் ஒன்றை உருட்டிப் போட்டு அதன்மேல் ஏறி, எட்டாத தகட்டை எட்டி, இரண்டு உள்ளங்கையையும் வைத்து, பெரிய பொம்பளைகள் செய்கிற மாதிரியே கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள்.

"தாத்தா, தொட்டுட்டேன்!" என்றாள். மெஷின் இல்லாவிட்டால் அவள் குரல் பெரிசாகிவிடும்.

போனை வைத்து, தகட்டைத் தொட்டால் உள்ளே போகலாம். அவள் கண்ட சட்டம் அது. கையை விரித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்து நடந்தாள்.

வெளியே இருப்பதைக் கழற்றிவிட்டாள், மண்டைக்குள் இருப்பதை எப்படிக் கழற்றுவாள்?

"வராத! வராதடி!" என்று சந்தனமாரி எழுந்தாள். கேட்காத பிள்ளை சிரித்துக்கொண்டே போனது. அவள் பின்னால் நகர்ந்தாள், திரும்பி ஓடினாள், சங்கிலி பனை வேரில் மாட்டி முகங்குப்புற விழுந்தாள். பிள்ளைக்கும் அவளுக்கும் நாலு எட்டுதான், பிள்ளையின் தலைமயிர் ஒவ்வொன்றும் எழுந்து அம்மாவைப் பார்த்து நீண்டது. குழிவரை நாற்பது எட்டு நடக்க வலித்த இந்த முழங்கால் அன்றைக்கு ரோட்டைத் தாண்டி ஓடியது. பிள்ளையை இடுப்போடு தூக்கினேன். அது என்னை அடித்தது, கடித்தது, காலால் உதைத்தது. "தொட்டுட்டேன், தொட்டுட்டேன்" என்று அழுதது.

அதற்கப்புறமும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷன் இல்லை.

"குழி காஞ்சு போச்சு, தாயி" என்றேன். "நான்தான் தண்ணி ஊத்தல."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியில் ரத்தம், முகமெல்லாம் கலர்க் காகிதம். முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது.

"எத்தன குடம்?"

"ரெண்டு."

"ரெண்டு குடம்" என்றாள். "ரெண்டு குடம் தண்ணி, பெரியப்பா." ஒரு பிடி மண்ணை அள்ளி என்மேல் வீசினாள். மண் வரவில்லை. அவள் கையிலேயே ஒட்டிக்கொண்டது. மறுபடி வீசினாள், கையை உதறி உதறி வீசினாள், விரலிடுக்கில் ஒரு மணல்கூட விலகவில்லை. கோபத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட வீச முடியாதவளாக அவளை நான் ஆக்கி வைத்திருந்தேன். கையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்குக் காலையில வரிசை நிக்கும்போது சொல்லணும். எல்லாரும் கேக்க. நைலான்னு சொன்னவுக கேக்க" என்றாள்.

சொன்னேன். தகட்டுக்குப் பக்கத்தில் நின்று முந்நூறு பேர் முன்னால் சொன்னேன். அழகர் நோட்டைப் புரட்டி நாற்பத்திமூன்று கையெழுத்தையும் பார்த்துவிட்டு, "யோவ், கையெழுத்து மட்டும் தெரிஞ்ச ஆளை வச்சா இதான் கதி" என்றார். பிறகு அவருக்கே சுருக்கென்றிருக்க வேண்டும், முதலாளிக்கு எழுதிய காகிதத்தை நினைத்திருப்பார், நோட்டை மூடிக்கொண்டார். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நின்றேன். "அந்தக் குழிக்கு உன்னைவிட்டா யாருக்குப் பயம் இருக்கும்? நீயே ஊத்து" என்றார்.

வரிசையில் மருந்து அடைக்கிற ஒரு பொம்பளை, எவளென்று பார்க்கவில்லை, சன்னமாகச் சொன்னாள்: "அப்ப நம்ம அத்தன பேரு நெருப்பையுமா அவ ஒருத்தி சுமக்கா?" அன்று சாயங்காலம் வெளியே வந்த ஒவ்வொருத்தியும் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரைக் கொண்டுபோய்க் குழியில் ஊற்றினாள். ஒரு வாய் தண்ணீர், அரை வாய் தண்ணீர். முந்நூறு பாட்டில்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. அழகர் எல்லா அறைப் பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஊரே வந்தது. குழி குடித்துக்கொண்டே இருந்தது, எத்தனை குடம் ஊற்றினாலும் புஸ்ஸென்று ஆவி விட்டது, கடைசியில் ஒரு ஏப்பம் விட்டு ஈரத்தை மேலே காட்டியது. சந்தனமாரி வலது உள்ளங்கையைத் தகட்டில் வைத்தாள். அவள்மேல் ஒட்டியிருந்த காகிதம், பஞ்சு, தூசி, மணல் எல்லாம் ஒரே நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்தன. குலவை போட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே கையை எடுத்தாள். உதிர்ந்ததெல்லாம் எழும்பித் திரும்ப ஒட்டிக்கொண்டது.

மறுபடி வைத்தாள், உதிர்ந்தது. எடுத்தாள், ஒட்டியது. மறுபடி. மறுபடி. குலவை நின்றுபோனது. "இருபத்திரண்டு வருஷமா இறங்குனது, ஒரு நாள்ல வடியுமாக்கா?" என்றான் ஜெய்லானி. அவள் தகட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

"கையை எடுக்காம அப்படியே நில்லுங்க" என்று ஜெய்லானி சட்டென்று சொன்னான். பையிலிருந்து பழைய பட்டன் போன் ஒன்றை எடுத்து, இந்த ஊருக்காக இதுவரை செத்த போன்களுக்கெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அவள் இடது கையில் வைத்தான். சாகவில்லை. தன் போனிலிருந்து அதற்குப் போன் போட்டான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் கைக்குள் ஒரு போன் கினிங் கினிங் என்று அடித்தது.

அவ்வளவுதான் கிடைத்தது எங்களுக்கு. வலது கை தகட்டில் இருக்கிறவரை, குழி ஈரமாக இருக்கிறவரை, இடது கை மனுஷக் கை.

அதிலிருந்து தினமும் ஐந்து மணிக்குமேல், பூட்டெல்லாம் போட்டபிறகு, அவள் வருவாள். முதல் நாள் தகட்டில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள், பிள்ளை வரவில்லை. சங்கிலிச் சத்தம் கேட்டு உள்ளறைக்கு ஓடிவிட்டது. மறுநாளும் ஓடியது. காளிராஜ் தூக்கிக்கொண்டு வந்தால் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தியது. கடலைமிட்டாய் கொடுத்துப் பழக்கியதை எந்த மிட்டாய் கொடுத்து மறக்கவைப்பது? பதினோரு நாள் அவள் வெறும் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். பன்னிரண்டாவது நாள், சலக் சலக் என்று தெருமுனையில் கேட்டபோது, என் பலகைக்குப் பக்கத்தில் ஏற்கனவே ஒருத்தி கையில் சீப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா கை தகட்டில் பட்டபிறகுதான் பிள்ளையைக் கிட்டே விட்டேன். பின்னலுக்கு இரண்டு கை வேண்டும். மூன்று கால் பின்னலில் ஒரு கால் அவளுடைய இடது கையில், ஒரு கால் பிள்ளையின் கையில், மூன்றாவது என் கையில். என் ஆயுசில் நான் பின்னலைத் தொட்டதில்லை.

"அதைத் தூக்கி மேல போடுங்க பெரியப்பா. அது இல்ல, உங்க கையில இருக்கிறது. ஐயோ, மேலன்னா மேல! கயிறா திரிக்கீங்க?" என்று திட்டிக்கொண்டே, குனிந்து பிள்ளையின் காதுக்குப் பின்னால், "ஆ" என்றாள்.

"ஆ" என்றது பிள்ளை.

"ஈ."

"ஈ."

"ஊ", "ம்", எல்லாம் வந்தது. "ஸ்" என்றாள். ஒன்றும் வரவில்லை. "ஸ்." பிள்ளை தலையைச் சாய்த்தது. "ச" என்றது.

"ச இல்லடி. ஸ்."

எத்தனை தடவை சொன்னாள் என்று எண்ணவில்லை. அழகர் வாட்சைப் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். என் முழங்கால் கெஞ்சியது. திடீரென்று, பலூனில் ஊசி குத்தின மாதிரி, "ஸ்ஸ்ஸ்" என்று வந்தது. அவள் வலது கை தகட்டிலிருந்து துள்ளியது. "கையை எடுக்காத, தாயி!" என்று நான் கத்தினேன். விரல் நுனி மட்டும் தகட்டில் ஒட்டியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைத் திரும்ப அழுத்தினாள், அழுத்திக்கொண்டே குனிந்து பிள்ளையின் உச்சந்தலையில் கன்னத்தை வைத்தாள்.

பிறகு பின்னலைப் பார்த்தாள். "இது என்ன, எலி கடிச்ச மாதிரி? அவுத்துடுங்க, மொதல்ல இருந்து போடுவோம்" என்றாள். அவிழ்த்தேன். "குழியில ஈரம் இருக்கா?"

"ரெண்டு குடம் ஊத்திட்டேன், தாயி."

என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள், அந்த உரிமையை நான்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தேன். அங்கிருந்து பார்த்தால் கேட் தெரியாது, கேட்டிலிருந்து பார்த்தால் நான் தெரியமாட்டேன். குடத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, சத்தம் வரும்படி நின்று நிதானமாகக் கவிழ்த்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சந்தனமாரி, "ஊத்துறாராடி?" என்று கேட்டாள்.

குடத்திலிருந்து கடைசித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"கேக்குதும்மா" என்றாள் பிள்ளை. "இன்னும் ஊத்துறாரு."